ஆறு பக்கமும் மூன்று வரியும்

சென்ற மாரியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். இரவு வேலைக்குப் போகவேண்டியவர் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். பகல் வேலை முடிந்து வந்தவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். பிறம்ரனில் எங்கள் வீட்டில் கணவனும் மனைவியும் முகம் பார்த்துக் கதைப்பது இந்த அரை மணித்தியாலந்தான். அந்த நேரம் பார்த்து, ஏழாம் வகுப்பில் படிக்கும் மகள் ஒரு கட்டுரையைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் அறைக்குள் போய்விட்டாள்.

ஆறு பக்கம். எல்லாம் கையால் எழுதியது. ஒரு வெட்டுக் கொத்து இல்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வட்டம், அதற்குள் 2. வட்டத்தின் கீழே ரீச்சர் எழுதியிருந்ததை நாங்கள் வாசிக்கவே இல்லை. நாலுக்கு இரண்டு என்றால் பாதிதானே. எங்கள் மாடிக் கட்டடத்தில் இரண்டு கதவு தள்ளியிருக்கும் பஞ்சாபிப் பையன் அதே வகுப்பு. அவன் ஒன்றரைப் பக்கம் எழுதி 4 வாங்கியிருக்கிறான் என்று பிறகு மகளிடமிருந்து பிடுங்கி எடுத்தோம்.

நிறம் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள் என்றார் எங்களில் ஒருவர். அந்த வகுப்பில் முக்கால்வாசிப் பேர் எங்கள் நிறந்தான், நாலு வாங்கியவனும் எங்கள் நிறந்தான் என்று மற்றவர் ஞாபகப்படுத்தினார். அப்படியானால் அகதிப் பிள்ளை என்பதற்காக என்றார் முதலாமவர். வேலைக்கு நேரமாகிவிட்டதால் சண்டை அதோடு நின்றது. மறு கிழமை ரீச்சரைச் சந்திக்க நேரம் கேட்டோம்.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு இங்கே ஒரு சொல். ஆசிரியருடன் பேசப் போகும்போது பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். முன்னர் ஒருமுறை நாங்கள் அப்படிப் போனோம். ரீச்சர் ஐந்து நிமிடம் பேசினார். மகள் திரும்பி, "எல்லாம் நல்லமாம்" என்றாள். இந்த முறை முன்கூட்டியே கேட்டோம். பாடசாலை ஒரு தமிழ் அம்மாவை ஒழுங்கு செய்து தந்தது.

கட்டுரையின் கேள்வி இதுதான்: வகுப்பில் கைத்தொலைபேசி வைத்திருக்க மாணவரை விடலாமா? 2024 செப்ரெம்பரிலிருந்து ஒன்ராறியோவில் இதற்கு மாகாண விதியே இருக்கிறது. ஆறாம் வகுப்பு வரை நாள் முழுவதும் சத்தமில்லாமல், கண்ணில் படாமல் வைக்கவேண்டும். ஏழாம் வகுப்பிலிருந்து பாட நேரத்தில் ஆசிரியர் சொன்னாலன்றி எடுக்கக்கூடாது. அதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய், ஏன் என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் மகள் அலெக்சாண்டர் கிரகம் பெல்லில் தொடங்கியிருந்தாள். 1876 ஓகஸ்ற் மாதம் பெல் பிரான்ற்ஃபோர்ட்டிலிருந்து பாரிஸ் என்னும் ஊருக்குத் தொலைபேசியில் கேட்டுக்காட்டியது, அந்தப் பாரிஸ் பிரான்சில் இல்லை ஒன்ராறியோவில்தான் இருக்கிறது என்பது, எல்லாம் இரண்டு பக்கத்துக்கு இருந்தது. (பிரான்ற்ஃபோர்ட்டைப் பிறம்ரன் என்று வாசித்து நாங்கள் கொஞ்சம் பெருமைப்பட்டதையும் மறைக்கக்கூடாது.) அடுத்த பக்கம் கைத்தொலைபேசியின் வரலாறு. அதற்கடுத்தது நன்மைகள், பிறகு தீமைகள். முடிவில், "எனவே தொலைபேசியில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு." எங்களுக்கு இதில் என்ன பிழை என்று விளங்கவில்லை. நாங்கள் எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்போம்.

ரீச்சர் இளம் பிள்ளை. எங்களைவிட வயது குறைவாயிருக்கும். அவர் விளக்கம் எதையும் சொல்லாமல் ஒரு பென்சிலை எங்கள் கையில் தந்தார். "உங்கள் மகளைத் தவிர வேறு யாரும் எழுதியிருக்க முடியாத வசனம் எதுவோ, அதன்கீழ் கோடு போடுங்கள்" என்றார். மொழிபெயர்க்க வந்த அம்மா பக்கம் பக்கமாக வாசித்துச் சொன்னார். பெல் யாருக்கும் சொந்தம். கைத்தொலைபேசியின் வரலாறும் அப்படித்தான். பென்சில் நாலு பக்கம் சும்மா கிடந்தது.

ஐந்தாம் பக்கத்தின் நடுவில் மூன்று வரி இருந்தது. "என் அப்பம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கிளினிக்கிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தால் உடனே எனக்கு அடிப்பார். நான் கழிவறைக்குப் போய்க் கதைத்து, விளங்காத சொற்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வகுப்புக்கு வருவேன்."

மொழிபெயர்த்த அம்மா இதை வாசித்துவிட்டு எங்களைப் பார்த்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அப்பம்மாவுக்குச் சலரோகம், கிளினிக்கிலிருந்து அடிக்கடி கூப்பிடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அந்த அழைப்பெல்லாம் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கைக்குப் போகிறது என்பது தெரியாது. இரவு வேலை முடித்து வந்தவர் அடுத்த அறையில்தான் படுத்திருப்பார். பிறகு கேட்டதற்கு அப்பம்மா, "பிள்ளை நித்திரை, பாவம், எழுப்பக்கூடாதெண்டு விட்டனான்" என்றார்.

ரீச்சர் கட்டுரையின் அடியில் எழுதியிருந்த குறிப்பும் இதுதான். ஐந்தாம் பக்கத்தை எனக்கு இன்னும் சொல், மற்றதெல்லாம் எனக்குத் தெரியும். வட்டத்தைப் பார்த்த கண் அதை வாசித்திருந்தால் ஒரு கிழமைக் கோபம் மிஞ்சியிருக்கும்.

பிறகுதான் அவர் அந்த 2 எப்படி வந்தது என்று சொன்னார். ஒன்ராறியோவில் பிள்ளைகளின் வேலையை நாலு படிகளில் மதிப்பிடுகிறார்கள். மூன்றாம் படி மாகாணம் எதிர்பார்க்கும் தரம். புள்ளியாகச் சொன்னால் 70 முதல் 79 வரை. இரண்டாம் படி என்பது 60 முதல் 69. ஆகவே நாலுக்கு இரண்டு என்பது பாதி அல்ல. இதைத் தெரியாமல் எத்தனை வீடுகளில் பிள்ளைகள் ஏச்சு வாங்குகிறார்களோ தெரியாது. படியைத் தீர்மானிக்க அவர்கள் பார்ப்பது நாலு விடயம்: பொருளை அறிந்திருக்கிறதா, அதைப்பற்றிச் சிந்தித்திருக்கிறதா, அதை மற்றவருக்கு விளங்கச் சொல்கிறதா, தெரிந்ததை வேறு இடத்தில் பொருத்திப் பார்க்கிறதா. எத்தனை பக்கம் என்பது இந்த நாலில் எதிலும் இல்லை.

"அப்படியானால் அவள் பட்ட பாட்டுக்கு ஒன்றும் இல்லையா?" என்று கேட்டோம். இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். றிப்போட் காட்டின் முதற் பக்கத்தில் பொறுப்பு, ஒழுங்கு, தானாகச் செய்தல், சேர்ந்து செய்தல், முன்வந்து செய்தல், தன்னைத்தான் சீர்செய்தல் என்று ஆறு விடயம் தனியாக இருக்கிறது. அதற்கு ஆங்கில எழுத்துத்தான் போடுவார்கள். ஈ என்றால் மிக நல்லம், ஜீ என்றால் நல்லம், எஸ் என்றால் போதும், என் என்றால் திருந்தவேண்டும். 2010 இல் வந்த மாகாண மதிப்பீட்டுக் கொள்கை முயற்சியையும் பாடப் புள்ளியையும் இப்படிப் பிரித்து வைக்கச் சொல்கிறது. ஆறு பக்கம் எழுதியதற்கான மரியாதை அங்கே மகளுக்குக் கிடைத்திருந்தது. நாங்கள் அந்தப் பக்கத்தை ஒருநாளும் வாசித்ததில்லை. நேரே புள்ளிக்குப் போய்விடுவோம்.

ரீச்சர் இன்னொன்றும் சொன்னார். வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். ஒரு பக்கம் எழுதினால் அதை அவர் மூன்று தரம் திருப்பிக் கொடுத்துத் திருத்த வைக்கலாம். ஆறு பக்கம் எழுதினால் ஒருதரம் வாசித்துப் புள்ளி போடத்தான் நேரம் இருக்கும். பிள்ளை எழுதப் பழகுவது அந்தத் திருப்பி எழுதுவதில்தான் என்றார். தொழிற்சாலையில் வேலை செய்கிற எங்களுக்கு இதை விளங்க வைக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. எங்கள் வேலைத்தலத்தில் மணிக்கு எத்தனை சாமான் என்று பலகையில் இலக்கம் ஓடும். சிவப்பு அட்டை கட்டித் திரும்பி வந்த பெட்டியை அந்தக் கணக்கில் கழித்துவிடுவார்கள். முதல்நாள் ஓடி ஓடிச் செய்தது அடுத்தநாள் மேசையில் வந்து குந்தியிருக்கும்.

வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டோம். ஏன் அம்மா இவ்வளவும் எழுதினாய்?

"ஒரு பக்கத்தோடை வந்தா, இவ்வளவுதானோ எழுதினது எண்டு நீங்கள்தானே கேட்பியள்" என்றாள்.

உண்மைதான். கேட்டிருக்கிறோம்.

அந்தக் கேள்வி எங்களுக்கு எங்கிருந்து வந்தது? நாங்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்லர். ஒருவர் சாதாரணதரத்துடன் நின்றவர். மற்றவர் உயர்தரம் தொடங்கி, 2008 இல் வன்னியில் இடம்பெயரத் தொடங்கியதுடன் புத்தகத்தை மூடியவர். ஆனால் பரீட்சை மண்டபம் எங்கள் இரத்தத்தில் இருக்கிறது. முன்வாங்கில் இருப்பவள் எழும்பி மேலதிகத் தாள் கேட்டால் எங்களுக்கு நெஞ்சு படபடக்கும். கடைசி மணி அடிக்கும்போது தாள்களைச் சேர்த்து நூலால் கட்டுவோம். யாருடைய கட்டுத் தடிப்பு என்று ஓரக்கண்ணால் பார்ப்போம். தராசில் நிறுத்துத்தான் புள்ளி போடுகிறார்கள் என்று பகிடி சொல்வோம், ஆனால் பாதி நம்பினோம். மாதிரிக் கட்டுரைப் புத்தகத்திலிருந்து "ஒரு மழைநாள்" பாடமாக்கி, மழையே பெய்யாத ஆண்டில் அப்படியே கக்கியிருக்கிறோம். அங்கேயும் நல்ல ஆசிரியர்கள் சுருக்கம் எழுதப் பழக்கினார்கள். ஒரு பந்தியை மூன்றில் ஒன்றாக்கு, கருத்து விடுபடக்கூடாது என்பார்கள். அதை நாங்கள் புள்ளி குறைந்த ஒரு கேள்வியாக மட்டும் பார்த்தோம்.

ஆனால் ரீச்சர் சொன்னது எங்களுக்கு முதல்முறையாகக் கேட்டதல்ல. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், 2014 இல், இதே பாடத்தை ஒரு வழக்கறிஞரின் மேசையில் படித்திருந்தோம். பிறகு மறந்துவிட்டோம்.

அகதிக் கோரிக்கை வைப்பவர்கள் தங்களுக்கு நடந்ததை எழுதிக் கொடுக்கவேண்டும். 2012 டிசெம்பர் வரை அதற்கு ஒரு படிவம், அதன் பிறகு வேறொரு படிவம். எங்கள் ஆட்கள் எல்லாவற்றுக்கும் "கதை எழுதுறது" என்றுதான் சொல்வார்கள். நாங்கள் இருவரும் ஒரு தங்குமிடத்தின் குசினி மேசையில் இருந்து ஒரு கொப்பி முடிய எழுதினோம், முப்பத்திரண்டு பக்கம். 1956 தனிச் சிங்களச் சட்டம், 1958, 1977, 1981 யாழ்ப்பாண நூலகம், 1983, பிறகு போர். வழக்கறிஞர் மரியாதையாகவே கேட்டார். இதெல்லாம் அகதிகள் சபையிடம் இருக்கிறது, ஒவ்வொரு நாட்டுக்கும் தொகுப்பு வைத்திருக்கிறார்கள், உங்களுக்கு நடந்தது எங்கே? அது இருபத்தேழாம் பக்கத்தில் இருந்தது. ஒரு இரவு, ஒரு கதவு, யார் வந்தது, என்ன கேட்டது, யாரைக் கொண்டு போனது. நாங்கள் அதை ஏழு வரியில் கடந்துவிட்டிருந்தோம். சொல்லக் கூச்சம், எழுதப் பயம். அதனால்தான் முன்னால் இருபத்தாறு பக்கம் அடுக்கினோம் என்று இப்போது நினைக்கிறோம். மகளும் அப்படித்தான் செய்திருக்கிறாள்.

கடைசியில் கொடுத்தது நாலு பக்கம். அந்த நாலு பக்கத்தின் ஒவ்வொரு வரிக்கும் விசாரணையில் எங்களிடம் பதில் கேட்டார்கள். ஒரு திகதியைப் பற்றி மட்டும் நெடுநேரம் கேட்டார்கள். இப்போது கோரிக்கை வைத்துக் காத்திருக்கும் குடும்பங்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளக்கூடாது. சுருக்கம் என்று சொல்லி முக்கியமானதை விட்டால், ஏன் அப்போது எழுதவில்லை என்ற கேள்வி பின்னால் வரும். வழக்கறிஞர் வெட்டியது எங்களுக்கு நடக்காததை. நடந்ததை நீட்டத்தான் சொன்னார். ஏழு வரி இரண்டு பக்கமாயிற்று.

இது வெள்ளைக்காரரின் புதுப்பழக்கம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூல், ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறது. மிகைபடக் கூறல் அதில் ஒன்று. சொன்னதையே திரும்பச் சொல்வது இன்னொன்று. ஆனால் வேண்டியதை விட்டுக் குன்றக் கூறுவதும் அதே பட்டியலில் குற்றமாகத்தான் இருக்கிறது. சுருங்கச் சொல்வதை அழகென்று வைத்தவர், விளங்க வைப்பதையும் அழகுகளுக்குள் சேர்த்துத்தான் வைத்தார். எங்கள் நல்லூர் ஆறுமுக நாவலர் அந்த நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதியவர். சின்னப் பிள்ளைகளுக்குப் பாலபாடம் எழுதியபோது விளங்கும் வசனத்தில் எழுதிக்காட்டியவர். நாங்கள் நாவலர் தினத்துக்குப் பேச்சுப்போட்டியில் மிகைபடப் பேசிப் பரிசு வாங்கியவர்கள்.

ஆசிரியர்கள் எல்லோரும் எப்போதும் நீளத்துக்கு மயங்காதவர்கள் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் பல்கலைக்கழகம் போவதற்கு எழுதும் எஸ்.ஏ.ரி. பரீட்சையில் 2005 இல் இருபத்தைந்து நிமிடக் கட்டுரை ஒன்றைச் சேர்த்தார்கள். எம்.ஐ.ரி.யில் எழுத்துப் பயிற்சிக்குப் பொறுப்பாயிருந்த லெஸ் பெரல்மன் என்பவர் வெளியிடப்பட்ட மாதிரிக் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தார். நீளம் கூடக்கூடப் புள்ளி கூடியிருந்தது. வாசிக்காமல் நீளத்தை மட்டும் பார்த்தே பெரும்பாலும் புள்ளியைச் சொல்லக்கூடியதாயிருந்தது. வரலாற்றைப் பிழையாக எழுதியவர்களுக்கும் அதற்காகப் புள்ளி வெட்டவில்லை. ஆயிரக்கணக்கான தாளை அவசரமாகத் திருத்துபவருக்கு நீளந்தான் முதலில் கண்ணில் படும். அந்தக் கட்டுரை 2016 இல் கட்டாயமில்லாததாயிற்று, 2021 இல் பொதுவாகக் கைவிடப்பட்டது. எங்கள் மேலதிகத் தாள் நம்பிக்கை முழுப் பொய்யல்ல என்று இதைக் கேட்டபோது ஒரு சின்ன ஆறுதல். ஆனால் ஒரு வகுப்பின் ரீச்சருக்குப் பிள்ளையைத் தெரியும். அவர் தாளை மட்டும் திருத்துவதில்லை.

இங்கே பத்தாம் வகுப்பில் எழுதவேண்டிய எழுத்தறிவுப் பரீட்சை ஒன்று இருக்கிறது. உயர்பாடசாலைச் சான்றிதழுக்கு அது வேண்டும். சித்தியடையாதவர்களுக்குப் பதிலாக ஒரு பாடநெறி உண்டு. இப்போது கணினியில் நடக்கிறது. தாளில் நடந்த காலத்தில் விடைக்கு இத்தனை கோடு என்று அச்சடித்தே கொடுத்தார்கள். நூல் கட்ட இடமில்லை.

2022 இன் கடைசியில் சற்ஜிபிரி வந்தபின் பக்கத்துக்கு இருந்த கொஞ்ச மதிப்பும் போய்விட்டது. பெல்லைப் பற்றி ஆறு பக்கம் ஒரு நிமிடத்தில் வரும். அப்பம்மாவின் அழைப்பையும் உள்ளங்கையில் எழுதிய சொல்லையும் பிள்ளை சொல்லிக் கொடுத்தாலன்றி அதற்குத் தெரியாது.

இதைக் கேட்டுவிட்டு ஒரு நண்பரின் மகன், "அப்ப அரைப் பக்கம் காணும்" என்று அரைப் பக்கத்தோடு போய் 1 வாங்கி வந்தான். ஏன் என்ற கேள்விக்கு அதில் பதிலே இல்லை. குறைய எழுதுவது தரமாகிவிடாது. ஆங்கிலம் இப்போதுதான் பழகும் பிள்ளைகளைப் பற்றியும் கவலைப்படவேண்டாம். 2007 இல் வந்த மாகாணக் கொள்கைப்படி அவர்களுக்குக் கூடுதல் நேரம், இருமொழி அகராதி, தாய்மொழியை உதவிக்கு எடுப்பது போன்ற வசதிகளை ஆசிரியர்கள் செய்து கொடுக்கலாம். கேட்டால்தான் தெரியவரும். முதலில் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுத விடுங்கள் என்று எங்களுக்கு ரீச்சரே சொன்னார். ஏழாம் வகுப்புக்காரிக்கு அது தேவையில்லை என்று நினைத்தோம். அவள் அப்பம்மாவிடம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப எழுதினாள்.

திரும்ப எழுதியது ஒன்றேகால் பக்கம். பெல் போய்விட்டார். மூன்று தரம் வெட்டிக் கொத்தி எழுதினாள். எங்களுக்கு எதிர்பாராதது அதன் முடிவுதான். தொலைபேசி வேண்டும் என்று எழுதுவாள் என்று இருந்தோம். வகுப்பில் தொலைபேசியை நிற்பாட்டி வைப்பதுதான் நல்லது, அப்போது அந்த அழைப்பை எடுக்கவேண்டிய பெரியவர்கள் எடுப்பார்கள் என்று எழுதியிருந்தாள். வட்டத்துக்குள் 3 போட்டிருந்தது.

நாங்கள் கிளினிக்குக்குப் போய் இலக்கத்தை மாற்றிக் கொடுத்தோம். இப்போது பகல் பதினொரு மணிக்கு இரவு வேலைக்காரரின் தொலைபேசிதான் அடிக்கிறது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கதைத்து முடிக்கும்வரை அப்பம்மா கதவடியில் நின்று, "எழுப்பிப்போட்டினமே" என்று வருத்தப்படுகிறார்.